அட்டிலும் அங்கணமும்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் சமண இலக்கியம் பற்றி ஏதாவது எழுதித் தருவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். இந்த முறை அடுப்பங்கரையையும் குளியலறையையும் எடுத்துக்கொண்டேன். நாற்பது வருடமாகக் கொள்ளேகாலில் பாத்திரக் கடை வைத்திருப்பவன் நான். முதலில் பித்தளை, செம்பு, அப்புறம் எவர்சில்வர், இப்போது பாதிக் கடையில் சிங்க், குழாய், டைல்ஸ், கீசர். மைசூரிலும் பெங்களூரிலும் இருக்கிற நம்மவர்கள் ஃப்ளாட் வாங்கிச் சில வருடம் ஆனதுமே "கிச்சனை மாத்தணும், பாத்ரூமை மாத்தணும்" என்று கிளம்பிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் கடைக்கு வந்து அவர்கள் கேட்பதெல்லாம் நிறம், பளபளப்பு, எந்தக் கம்பெனி என்பதுதான். புகை எந்த வழியாகப் போகும், தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். நிறம் பிடிக்காவிட்டால் மறுபடி மாற்றிக்கொள்ளலாம். இந்த இரண்டு வழியும் அடைபட்டால் சில சமயம் உயிருக்கே ஆபத்து.

சொல்லிலிருந்து தொடங்குவது என் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். சமைத்தலுக்குப் பழைய தமிழில் அடுதல் என்று பெயர். அடு என்ற அந்த வேரிலிருந்துதான் அடுப்பு, அடிசில், அட்டில் எல்லாம் வந்தன. கன்னடக்காரர் 'அடுகெ மனெ' என்று சொல்லும்போதும் அதே வேர்தான். நமக்கு உலை என்றால் அரிசி போடக் கொதிக்கிற தண்ணீர். அவர்களுக்கு 'ஒலெ' என்றால் அடுப்பே. பாத்திரம் கழுவி நீர் விடும் இடத்துக்கு அங்கணம் என்ற பெயர் தென்மாவட்டங்களில் இன்னும் இருக்கிறது. வள்ளுவர் அவையறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளில் இச்சொல்லை ஆள்கிறார். பரிமேலழகர் தூய்மையில்லாத முற்றம் என்று பொருள் கொள்வார். எனக்கு மிகவும் பிடித்தது ஜன்னலுக்கு நம் முன்னோர் வைத்த பெயர்: காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. அதாவது காற்றின் வழி. வெளியே வேடிக்கை பார்ப்பது அப்புறம்தான்.

அடுப்பங்கரையை உள்ளே புகுந்து பார்த்து எழுதிய புலவர் இளங்கோவடிகள். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை எல்லோரும் கோவலன் சாவுக்காகப் படிக்கிறோம். அதன் முற்பாதியில் ஒரு சமையல் நடக்கிறது. மாதரி கண்ணகியைச் செம்மண் பூசிய ஒரு சிறு வீட்டில் குடிவைக்கிறாள். கோவலன் சாவக நோன்பி, அதாவது சமண இல்லறத்தான். பகலிலேயே உண்ண வேண்டும், ஆகையால் நல்ல பாத்திரங்களைச் சீக்கிரம் கொடுங்கள் என்கிறாள். கண்ணகி காய் நறுக்குகிறாள், விரல் சிவக்கிறது. முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. அந்த அட்டில் கரி பிடித்த அட்டில். ஐயை மூட்டிக் கொடுத்தது வைக்கோல் தீ. வணிகர் மாளிகையில் வளர்ந்தவளுக்கு அந்தப் புகை புதிது. குறுந்தொகையின் 167ஆம் பாட்டிலும் தாளிக்கிற புகை ஒரு இளம் மனைவியின் கண்ணில் ஏறுகிறது. அந்தப் பாட்டைக் காதல் பாட்டாகத்தான் பாடம் நடத்துகிறோம். பாத்திரக்காரனாகிய எனக்கு அது புகைபோக்கி இல்லாத அடுப்பங்கரையின் பாட்டு என்றும் தோன்றும்.

எனவே "அந்தக் காலத்து அடுப்பங்கரை ஆரோக்கியம்" என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. ஆனாலும் பழைய வீட்டில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. புகை உண்டு என்று கட்டியவனுக்குத் தெரியும். அது போக வழியும் வைத்தான். கொள்ளேகால் 1956 நவம்பர் 1 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் என்பது இங்கே பிறந்த பிள்ளைகளுக்கே தெரியாது. பிறகு மைசூர் மாவட்டம், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். பட்டு நெசவு ஊர். நான் போய்ப் பழகிய நெசவாளர் வீடுகளில் தறி வீதிப் பக்கம் இருக்கும், அடுப்பு கொல்லைப் பக்கம் இருக்கும். பட்டில் கரி படியக்கூடாது அல்லவா? நாட்டு ஓட்டின் இடுக்கு வழியே புகை தானாக ஏறிப் போகும். குளியல் இடமான 'பச்சலு மனெ' அதற்கும் பின்னால். அங்கே மண்ணடுப்பில் பதித்த செம்பு ஹண்டே. விறகு போட்டுக் காய்ச்சுவார்கள். குளித்த தண்ணீர் நேரே வாழைக்கும் தென்னைக்கும். எங்கள் கடையில் ஹண்டேயை எடை போட்டு விற்போம், பழசை எடைக்கு எடுத்துக்கொள்வோம். இப்போது அதே ஹண்டேயை வாங்கிப் போய் ஹாலில் செடி வைக்கிறார்கள். சந்தோஷம், செம்பு வீணாகவில்லை.

இந்த ஏற்பாடு மாறியது காஸ் அடுப்பு வந்தபின். 1955இல் பர்மா ஷெல் கம்பெனி பம்பாயில் சமையல் காஸ் விற்க ஆரம்பித்தது. இண்டேன் 1965இல் வந்தது. கண்ணுக்குத் தெரிகிற புகை போனதும் அடுப்பங்கரை கொல்லையை விட்டு ஹாலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நின்றுகொண்டு சமைக்கும் மேடை வந்தது. இன்று மாடுலர் கிச்சன் என்று விற்கிறார்களே, அதன் பாட்டி ஜெர்மனியில் இருக்கிறாள். 1926இல் பிராங்க்பர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வரைந்த சமையலறை அது. 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம், அவ்வளவுதான். ரயில் வண்டிச் சமையல் பெட்டியைப் பார்த்து, எதற்கும் இரண்டடிக்கு மேல் நகர வேண்டாதபடி அலமாரிகளை அமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். அந்த அம்மையார் 2000ஆம் ஆண்டில், 102 வயது நிறைந்து காலமானார்.

நல்ல வேலைதான். ஆனால் அது ஒருத்தி தனியாக நின்று சமைக்கும் அறை. நம் வீட்டில் மாமியார் உட்கார்ந்து கீரை ஆய்வார், மருமகள் தாளிப்பார், கிரைண்டர் ஒரு பக்கம் ஓடும். டிசைன் போடுகிற பையன்களுக்கு இது தெரியாது. அவர்கள் படித்த படத்தில் கிரைண்டரே இல்லை. அவர்களிடம் நாம்தான் சொல்ல வேண்டும். மேடை உயரத்தையும் எல்லா வீட்டுக்கும் ஒன்றாக 34 அங்குலம் என்று வைத்துவிடுகிறார்கள். சமைக்கிறவரை நிற்க வைத்து முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். முழங்கையிலிருந்து நாலு முதல் ஆறு அங்குலம் கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காது. அஞ்சடிக்குக் குறைவாக இருக்கும் நம் பெண்களுக்கு இது 32 அங்குலத்துக்கே வந்துவிடலாம். உட்கார்ந்து காய் நறுக்குகிறவர் வீட்டில் இருந்தால் தரையில் ஆறடிக்கு மூன்றடியாவது காலியாக விடச் சொல்லுங்கள். எல்லா இடத்தையும் அலமாரி கட்டி நிரப்புவது சதுர அடிக்குக் காசு வாங்குகிறவருக்கு லாபம்.

மேடைக் கல்லைப் பற்றிச் சுருக்கமாக. எங்கள் சாமராஜநகர் கருப்புக் கிரானைட் கடல் தாண்டிப் போகிற கல். புளிக்கும் எலுமிச்சைக்கும் அது அசையாது. மார்பிளும் கடப்பாக் கல்லும் சுண்ணாம்பு இனம், புளி பட்டால் அரிக்கும். ரசம் வைக்கிற வீட்டில் வெள்ளை மார்பிள் மேடை வேண்டாத வேலை. குவார்ட்ஸ் என்று இப்போது பிரபலமாக இருப்பது கல்தூளைப் பிசின் போட்டு இறுக்கிய செயற்கைப் பலகை. பார்க்க அழகு, அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை நேரே வைத்தால் தடம் விழும். அதை வெட்டும்போது பறக்கிற சிலிக்காத் தூள் தொழிலாளியின் நுரையீரலைக் கெடுக்கிறது என்பதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்துவிட்டது. நம் நாட்டில் தடை இல்லை. கிரானைட் தூளும் சாதுவானதல்ல. எந்தக் கல்லானாலும் தண்ணீர் விட்டு வெட்டச் சொல்வது, வெட்டுகிறவருக்கு முகக்கவசம் கொடுப்பது, இதற்கு என்ன செலவு? அகிம்சை பேசுகிற நாங்கள் எறும்புக்குப் பார்க்கிறோம், கல் வெட்டுகிறவன் மூச்சுக்கும் பார்க்க வேண்டும்.

இனி காற்று வழி. சிலிண்டரைக் கண்ணில் படாமல் மேடைக்குக் கீழே அலமாரிக்குள் அடைத்துக் கதவு போடுவது இப்போது எல்லா டிசைனிலும் உண்டு. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படியும். மேலே மட்டும் துளை வைத்த அலமாரியால் பயன் இல்லை; கதவின் அடிப்பகுதியில், தரை மட்டத்தில் ஜாலி வேண்டும். வெளிச்சுவரில் அடிமட்டத்தில் ஒரு துவாரம் இருந்தால் இன்னும் நல்லது. கசிவை நாற்றம் காட்டிக் கொடுக்கும். அதற்காகவே அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். அடுப்பை ஜன்னலுக்கு நேர் கீழே வைக்காதீர்கள், காற்றில் தீ அணைந்து காஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். அக்னி மூலை எது என்று வாதாட நான் வரவில்லை. எந்த மூலையில் வைத்தாலும் ஜன்னல் கொஞ்சம் தள்ளி, அதே அறையில் இருக்கட்டும்.

மின் சிம்னியில் இரண்டு வகை. ஒன்று குழாய் வழியாக வெளியே தள்ளும். மற்றொன்று உள்ளேயே வடிகட்டித் திருப்பி விடும். எண்ணெய்ப் பிசுக்கையும் வாசனையையும் பிடிக்கும், ஈரத்தையும் எரிந்த வாயுக்களையும் பிடிக்காது. ஃப்ளாட்டில் சுவரில் துளை போட அனுமதி இல்லை என்று இரண்டாம் வகையைத் தலையில் கட்டுவார்கள். வாங்கினால் ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைக்க வேண்டும் என்று தெரிந்து வாங்குங்கள். வெளியே தள்ளும் வகைக்கும் உள்ளே காற்று வர வழி வேண்டும். எல்லாவற்றையும் சாத்திவிட்டுச் சிம்னியை ஓட்டினால் அது எங்கிருந்தாவது காற்றை இழுக்கும். பக்கத்து யுடிலிடியில் காஸ் கீசர் எரிந்துகொண்டிருந்தால், அதன் கழிவுக் காற்றையும் சேர்த்து உள்ளே இழுக்கும்.

இந்தக் காஸ் கீசர் விஷயத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கண்ணகியின் அட்டிலில் புகை கண்ணைச் சிவக்க வைத்தது. கண் எரிந்தால் மனிதன் வெளியே ஓடி வந்துவிடுவான். காஸ் கீசரில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, எரிச்சலும் இல்லை. சிறிய குளியலறையில் கதவைச் சாத்திக் குளிக்கும்போது, உள்ளே இருக்கிற பிராணவாயுவைத் தீ தின்றுவிடும். காற்றுப் போதாமல் அரைகுறையாக எரியும்போது இந்த விஷவாயு பிறக்கும். பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். பிறகு கால் துவண்டு விழுவார்கள். கதவு உள்ளே தாழிட்டிருக்கும். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்குப் பெங்களூரில் இப்படி நடந்தது. புதுப்பித்துக் கொடுத்தவர்கள், பழைய வென்டிலேட்டர் "லுக்கைக் கெடுக்குது" என்று அதை டைல்ஸ் போட்டு மூடிவிட்டார்கள். குளிக்கப் போனவள் கூப்பிட்டால் பதில் இல்லை. மாமனார் கதவை உடைத்து வெளியே இழுத்துப் போட்டதால் பிழைத்தாள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருப்பதில்லை. குளிர்காலத்தில் பத்திரிகையைப் பிரித்தால் தெரியும்.

எங்கள் கடையிலும் காஸ் கீசர் விற்கிறோம். கேட்டு வருபவரிடம் முதலில், "எங்கே மாட்டப் போறீங்க?" என்பேன். பாத்ரூமுக்குள் என்றால் விற்பதில்லை. யுடிலிடியிலோ பால்கனியிலோ, திறந்த வெளியில் மாட்டிச் சுடுதண்ணீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவர வேண்டும். "எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கே சார்" என்பார்கள். கதவுக்கு அடியில் இடைவெளி இல்லாவிட்டால் அந்த ஃபேன் எந்தக் காற்றை வெளியே தள்ளும்? மின்சாரக் கீசரில் இந்தப் பயம் கிடையாது, அதற்கு வேறு காவல் உண்டு: சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அடைபடாத சேஃப்டி வால்வு. இங்கே பக்கத்தில் சிவனசமுத்திரத்தில் 1902இலேயே மின்சாரம் எடுத்துக் கோலார் தங்க வயலுக்கு அனுப்பினார்கள். ஆனாலும் எங்கள் கடையில் ஹண்டே வாங்க வந்தவர்கள் அப்புறம் வெகுகாலம் வந்துகொண்டே இருந்தார்கள்.

தண்ணீர் வழிக்கு வருவோம். கொத்தனார் பாஷையில் வாட்டம் என்று ஒரு சொல் உண்டு. தரை நீர் வடியும் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். குளிக்கும் இடத்தில் நாலடிக்கு ஒரு அங்குலம் இருந்தால் நீர் நிற்காது. இப்போது இரண்டடிக்கு நாலடி பெரிய டைல்ஸ் மோகம். ஒரே பெரிய பலகையை நாலு பக்கமும் சாய்க்க முடியாது, வாட்டம் போய்விடும், தண்ணீர் மூலையில் தேங்கும். சுவருக்குப் பெரியது போடுங்கள், குளியல் தரைக்குச் சின்னதும் சொரசொரப்பானதும் போடுங்கள். வயதானவர்கள் விழுவது பெரும்பாலும் அங்கேதான். கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருக்கட்டும். உள்ளே விழுந்தவர் மேலேயே கதவு இடித்தால் எப்படித் தூக்குவது?

நானி டிராப் என்று பிளம்பர் சொல்வது நீர்ப்பூட்டு. வளைந்த குழாயில் 50 மில்லிமீட்டர் தண்ணீர் எப்போதும் நின்று, சாக்கடைக் காற்றும் கரப்பானும் ஏறாமல் தடுக்கும். பூச்சி வந்தபின் மருந்தடிப்பதைவிட வராமல் தடுப்பது எங்களைப் போன்றவர்களுக்கு மனநிம்மதியும் கூட. புதுப்பிக்கும்போது மேலே அழகான ஸ்டீல் மூடி போட்டு, கீழே டிராப்பை எடுத்துவிடுகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு செய்தி: பல வாரம் தண்ணீர் விடாவிட்டால் அந்த நீர்ப்பூட்டு காய்ந்துவிடும். போனவுடன் நாறுகிறது என்று தரையைப் பெயர்க்க வேண்டாம், முதலில் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

ஃப்ளாட்டில் பாத்ரூமை இடம் மாற்றுவதோ கிச்சனைப் படுக்கையறைக்கு மேல் கொண்டுபோவதோ கூடாது என்பது என் கருத்து. குழாய்க்காகத் தாழ்த்திய தளம் பழைய இடத்தில்தான் இருக்கும். கசிந்தால் கீழ்வீட்டுக்காரர் கூரையில் கசியும், மொழி தெரியாத ஊரில் அந்தச் சண்டை பெரிய சண்டை. டைல்ஸ் பதிக்கும் முன் வடிகாலை அடைத்துத் தரையில் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடச் சொல்லுங்கள், கீழ்வீட்டில் போய்ப் பாருங்கள். "டைம் இல்லை, 45 நாளில் ஒப்படைக்கணும்" என்பார்கள். அந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்காதீர்கள்.

டிசைன் கம்பெனிக்காரர் முதல் நாளே கம்ப்யூட்டரில் வண்ணப் படம் காட்டுவார், வீட்டுப் பெண்கள் அங்கேயே சம்மதம் சொல்லிவிடுவார்கள். படத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். தண்ணீர்க் குழாய், வடிகால், மின்வயர், சிம்னிக் குழாய் நான்கையும் அளவோடு காட்டும் வரைபடம் வேண்டும். பலகைக்கு எழுத்தில் ஐ.எஸ். எண் போடச் சொல்லுங்கள்: சிங்க்குக்கு அடியில் ஐ.எஸ். 710 என்ற மரைன் பிளைவுட், மற்ற இடத்தில் ஐ.எஸ். 303இல் நீர் தாங்கும் தரம் போதும். "வாட்டர் புரூஃப் சார்" என்ற வாய்ச்சொல் மழையில் நனைந்தால் ஊதிவிடும். அடுப்பு ஐந்து சதுர மீட்டர், குளியல் 1.8 சதுர மீட்டர் என்பவை தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்லும் குறைந்த அளவுகள். அலமாரிக்காக அதையும் குறைக்கிற டிசைன் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. குழாயும் வயரும் போட்டு, சுவரைப் பூசி மூடும் முன், நான்கு சுவரையும் பக்கத்தில் ஒரு அளவு டேப்பை நிறுத்திக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கண்ணாடி மாட்ட வருகிற பையனிடம், எங்கே டிரில் போடக்கூடாது என்று காட்டலாம்.